குதிக்காத பந்து

பந்து குதிக்கவில்லை. வேன் திருமங்கலம் தாண்டி நாலுவழிச் சாலையில் ஏறி, டிரைவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி, கேப்டன் ஜெனிபா குறைக்கச் சொல்லி, அவரும் முணுமுணுத்துக்கொண்டே குறைத்து, இத்தனையும் ஆன பிறகும் பேச்சித்தாயின் மண்டைக்குள் அந்த ஒரே சங்கதிதான் சுற்றிக்கொண்டிருந்தது. குதிச்சிருக்கணும். ஓரமா ஓடி வந்த அந்த மதுரைக்காரி அடிச்ச அடிக்கு, பந்து வந்த வேகத்துக்கு, பேச்சியோட ஹாக்கி மட்டைக்கு ஒரு சாண் முன்னாடி அது தரையில ஒரு துள்ளுத் துள்ளியிருக்கணும். பத்து வருஷமாத் துள்ளுற பந்து. அதுக்காகத்தானே மட்டையை ரெண்டு விரக்கடை தூக்கிப் பிடிச்சா. தரையோட தரையாப் படுக்கவச்சிருந்தா முதல் நாள் விளையாட வந்தவகூட நிறுத்தியிருப்பா. இவள் தூக்கினாள். பந்து அந்த நீலத் தரையில் வழுக்கிக்கொண்டு வந்து, மட்டைக்கு அடியில் புகுந்து, கோல்கீப்பர் தங்கபுஷ்பத்தின் காலுக்கும் கம்பத்துக்கும் நடுவில் போய், பின்னாலிருந்த பலகையில் டொக்கென்று இடித்தது. மத்தவங்களுக்கு அது கோல் விழுந்த சத்தம். பேச்சிக்கு அது வேற சத்தம். ரெண்டுக்கு ஒண்ணு. ஆட்டம் முடிய ரெண்டே நிமிஷம். கையைப் பார்த்தாள். கையில் தப்பு இல்லை. கண்ணில் தப்பு இல்லை. பந்தை அவள் பார்த்தாள், பார்த்துக்கொண்டேதான் விட்டாள். காலும் சரியான இடத்தில்தான் இருந்தது. அப்புறம் எதுதான் தப்பு, தரையா? தரையைக் குத்தம் சொல்லிக்கிட்டு ஊருக்குப் போனா சிரிக்க மாட்டாங்களா. ஜன்னலுக்கு வெளியே கருவேல மரங்கள் ஓடின, வெயில் கண்ணைக் குத்தியது, அவள் திரையை இழுத்துவிட்டாள்.

அந்தத் துள்ளு எங்கிருந்து வருதுன்னு மதுரைக்காரிகளுக்கு என்ன தெரியும். சந்தைப்பேட்டை டீமுக்கு என்று தனியாக மைதானமா இருக்கு? புதன்கிழமை அங்கே சந்தை. மற்ற ஆறு நாளும் மைதானம். ஆட்டத்துக்கு முன்னால் பதினொரு பேரும் விளக்குமாறும் கூடையுமாக இறங்கி, அவங்கவங்க ஆடுற இடத்தை அவங்கவங்க பெருக்கணும். அதுதான் டீமின் சட்டம். எழுதி வைத்தது கிடையாது, ஆனால் ஜெனிபாவே கேப்டன் என்று பார்க்காமல் நடுவில் நின்று பெருக்குவாள். பேச்சி இடது பக்கத்து டிஃபன்ஸ். அவள் மூலையில் அழுகின தக்காளி, சோடா மூடி, ஆணி, கோழி இறகு, ஒரு தடவை யாரோ தொலைத்த பல்செட். எல்லாத்தையும் பொறுக்குவாள். பொறுக்கப் பொறுக்க அந்த மூலை அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. வடக்குக் கோடியில் நின்றால் காய்கறிக்கடைக்காரர் நட்டு வைத்த கல், தலை மட்டும் தெரியும், எத்தனை தடவை தோண்டினாலும் வராது. இடைவேளைக்கு அப்புறம் பக்கம் மாறித் தெற்குக் கோடியில் நின்றால் மாட்டுவண்டித் தடம். ரெண்டு இடத்திலும் பந்து எம்பும். வெளியூர்க்காரி மட்டையைக் கீழே வைப்பாள், பந்து தாண்டிப் போகும். பேச்சி ரெண்டு விரக்கடை தூக்குவாள், பந்து வந்து மட்டையில் உட்காரும். இதே மதுரை டீம் போன மாசம் ஊருக்கு வந்தப்போ மூணு கோல் வாங்கிட்டுப் போனாங்களே, எப்படி? இன்னிக்குக் காலையில் போய் இறங்கினால் பெருக்குறதுக்கு ஒண்ணுமே இல்லை. நீலக்கலரில் சுத்தமாகத் துடைத்து வைத்த தரை. பதினொரு பேரும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். தங்கபுஷ்பம் குனிந்து கல் தேடினாள், ஒரு நிமிஷம் தேடிவிட்டு நிமிர்ந்து, "யக்கா, பொறுக்க ஒண்ணுங் கிடைக்கலைக்கா" என்றாள், அதைக் கேட்டு எதிர் டீமில் ரெண்டு பேர் சிரித்தார்கள். அப்புறம் நாலு மூலையிலும் குழாய் திறந்து தண்ணீர் பீய்ச்சினார்கள். பிளாஸ்டிக் புல்லுக்குத் தண்ணி, பந்து வழுக்கி ஓடணுமாம். ஊரில் அஞ்சு நாளைக்கு ஒரு தடவை வர்ற தண்ணி. பேச்சிக்கு அப்போதே வயிறு எரிந்தது. எரிச்சலோடுதான் உள்ளே போனாள். அதனாலயும் இருக்கலாம். இல்லை, அதனால இல்லை. அந்த நீலத் தரையில் அவளுக்கு மனப்பாடமான ஒரு புள்ளியும் இல்லை, ஆனால் இல்லாத கல்லுக்கு உடம்பு மட்டையைத் தூக்கியது. அவ்வளவுதான்.

ஆனால் அவ்வளவுதான் என்று விட முடியாதே. வாயைக் கொடுத்து வைத்திருக்கிறாளே. ஒரு மாசத்துக்கு முன்னால் பிராக்டீஸில் பந்து எம்பி, இது அவளே எதிர்பார்க்காத எம்பல், வாயில் அடித்தது. மேலுதட்டில் நாலு தையல். ஆஸ்பத்திரிக்கு வீட்டுக்காரர் சீனிராஜ் லேத் பட்டறையிலிருந்து கையில் கிரீஸோடு ஓடி வந்தார். கத்துவார் என்று நினைத்தாள். கத்தவில்லை. நர்ஸ் ஊசி போடுகிற வரைக்கும் அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி, "போதும் பேச்சி" என்றார். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள். கண்ணில் தண்ணீர் நின்றது அந்த மனுஷனுக்கு. ஒரு வாரம் தையலோடு ரேஷன் கடையில் எடை போட்டாள், அரிசி வாங்க வந்தவர்கள் எல்லாம் உதட்டையே பார்த்தார்கள், "உங்க வீட்டுக்காரர் அடிச்சுட்டாராம்மா" என்று ஒருத்தி காதுக்குள் கேட்டாள். மதுரைப் பயணம் என்று வந்ததும் சீனிராஜ் மறுபடி "போதும்" என்றார். அப்போதுதான் அந்த வாய்க்கொழுப்பு. யார் கேட்டாங்க? அவரா கேட்டார்? இவளாகச் சொன்னாள், அடுப்படியில் நின்று, வெங்காயம் நறுக்கிக்கொண்டு: "மதுரைக்குப் போய் ஜெயிச்சா தொடர்ந்து ஆடுவேன். தோத்தா அந்தானைக்கு மட்டையைப் பரண்ல போட்டுருதேன். என் மேல சத்தியம்." மூணு கோலில் ஜெயித்த டீம்தானே என்கிற தெனாவட்டு. சீனிராஜ் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு "சரி" என்றார். அந்த சரியில் ஒரு நிம்மதி தெரிந்தது, அதுதான் இப்போது குத்துது. தோத்துப் போயிட்டு வரட்டும்னு சாமி கும்பிட்டிருப்பாரோ? சே, அப்படி நினைக்கக் கூடாது. கும்பிட்டிருந்தாலும் தப்பில்லை. அவர் இடத்தில் நின்றால் இவளும் கும்பிட்டிருப்பாள். மடியில் கிடந்த போன் ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. பார்த்தாள். அவர்தான். எடுக்கவில்லை.

முன் சீட்டிலிருந்து தங்கபுஷ்பம் திரும்பி, சீட்டின் முதுகில் தாடையை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். சத்திய விவகாரம் டீம் முழுக்கத் தெரியும். பேச்சிதான் சொல்லியிருந்தாள், பெருமையாக, போகும்போது இதே வேனில். "அண்ணனா?" என்றாள் தங்கபுஷ்பம். "ஆமா." "எடுக்கா. எடுத்து ஜெயிச்சிட்டோம்னு சொல்லு." பேச்சி போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். "யாருக்கா விசாரிக்கப் போறா? பேப்பர்லயா வரப்போகுது? மாத்து ஆளுகளையும் சேத்து நாங்க பதினாலு பேரும் ரெண்டுக்கு ஒண்ணுன்னு சொல்லுவோம், யாருக்கு ரெண்டு யாருக்கு ஒண்ணுன்னு அண்ணன் கேட்டாத்தானே." பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். ஜெனிபா சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், பிள்ளைகளிடம் பொய் பிடிக்கிற முகம் அது. "அவளை விடு தங்கம், அவ பாத்துக்கிடுவா" என்று மட்டும் சொன்னாள். சாத்தூர் தாண்டும் வரை பேச்சி அந்தப் பொய்யை வாய்க்குள் போட்டுப் பார்த்தாள். ஜெயிச்சிட்டோம்ங்க. சொல்லும்போது முகம் எப்படி இருக்கணும்? கொஞ்சம் சிரிக்கணும், ரொம்பச் சிரித்தாலும் மாட்டிக்கிடும். கடைசி கோல் யார் போட்டா என்று கேட்பார். ஜெனிபா போட்டா. எப்படி? ஷார்ட் கார்னர்ல. இதுவரைக்கும் சரியாகத்தான் வருது. அப்புறம்? அடுத்த மேட்ச் வரும். அதுல தோத்தா? அதுக்கும் ஒரு ஜெயிச்சிட்டோம். அதற்கடுத்து? ஊர் ஊராகப் போய்த் தோற்றுவிட்டு வந்து வீட்டில் கோப்பை வாங்கினதாகப் பேசிக்கொண்டு திரியணும். அவள் மட்டும் இல்லை, பதினாலு பேரும். தங்கபுஷ்பம் வீட்டுப் பக்கம் காய் வாங்க வந்தால்கூட வாயை மூடிக்கொண்டு வரணும். விளையாடுறது ஒரு பக்கம், அதை விளையாடுறதுக்காக நடிக்கிறது ஒரு பக்கம். சவத்தை, அதுக்கு மட்டையைப் பரணிலேயே போட்டுவிடலாம். போட்டுவிடலாமா? அந்த வார்த்தை வந்ததும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள், தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

பரண் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். போன பொங்கலுக்கு ஏறித் துடைத்தாள். பழைய மிக்ஸி, சீனிராஜின் அப்பா வைத்திருந்த டிரங்குப் பெட்டி, ஓட்டையான கொசுவலை. அதுக்கு நடுவில் மட்டை. செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு எல்லாரும் மைதானத்தில் இருப்பார்கள், இவள் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பாள், பந்து மட்டையில் படுகிற சத்தம் அத்தனை தூரம் கேட்குமா? கேட்கும். காத்து அந்தப் பக்கமிருந்து அடித்தால் கேட்கும். அவள் மூலையை யார் பெருக்குவார்கள்? புதுசாக வருகிறவளுக்கு அந்தக் கல்லைப் பற்றி யார் சொல்லுவார்கள்? முதல் நாளே அவளைப் பந்து தாண்டிப் போகும். நினைக்க நினைக்கக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை, முதலில் தன் மேல், அப்புறம் அந்த நீலத் தரை மேல், கடைசியில் எல்லாவற்றையும் சுற்றிவிட்டு சீனிராஜ் மேல் வந்து நின்றது. ஏன், அவர் பந்தயப் புறா வளர்க்கலையா? மாடி முழுக்கக் கூண்டு. போன தை மாசம் பந்தயத்துக்கு விட்ட புறா ரெண்டு நாள் கழித்து வந்தது. சித்திரையில் விட்டது வரவே இல்லை. மனுஷன் மாடியிலேயே நின்று வானத்தைப் பார்த்தார், சாப்பிட வரவில்லை, இவள்தான் தட்டை எடுத்துக்கொண்டு மேலே போனாள். புறா தோத்துருச்சே, கூண்டைப் பிரிங்கன்னு யாராவது சொன்னாங்களா? இவ சொன்னாளா? அடுத்த வாரம் புதுசா ரெண்டு குஞ்சு வாங்கிட்டு வந்தார். வாங்கிட்டு வந்தா, சரி, தீனி போடுவோம்னுதானே இருந்தா. ஆம்பளைக்கு ஆசை வந்தா அது பழக்கம். பொம்பளைக்கு வந்தா அதுக்கு ஒரு பந்தயம் கட்டி, ஜெயிச்சு, அனுமதி வாங்கணும். அதையும் இந்தக் கூறுகெட்டவளே கட்டினாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே. ஆனால் புறா அவர் உதட்டைக் கிழிக்கலையே என்று மனசு ஒரு பக்கம் சொன்னது. அதுவும் உண்மைதான். நாக்கால் மேலுதட்டின் உள்பக்கத்தைத் தடவினாள். தழும்பு கொஞ்சம் தடிப்பாக, சொரசொரப்பாக இருந்தது. பயம் இல்லை என்று சொல்ல முடியாது. தையல் பிரித்த பிறகு முதல் நாள் பந்து வந்தபோது கண் தானாக மூடிக்கொண்டது. ரெண்டாவது நாளும் மூடியது. மூணாவது நாள் மூடவில்லை. அந்த மூணாவது நாளை யாரிடமும் அவள் சொல்லவில்லை.

போன் மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை மெசேஜ். "எங்க வந்திருக்கீங்க, பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துட்டு வரேன்." ஜெயிச்சியா என்று கேட்கவில்லை. கேட்காதது அன்பா, இல்லை, தெரிஞ்சுருச்சா? அவள் அதையே ரெண்டு தடவை படித்துவிட்டு "அரைமணி" என்று அனுப்பினாள். அரைமணி. அதற்குள் ஒரு முடிவுக்கு வந்தாகணும். பொய் சொல்ல வேண்டாம், அது முடிவாகிவிட்டது. அப்படியானால் சொன்ன சொல்லைக் காப்பாத்தணும். சத்தியம் வேற. சத்தியத்தை மீறினா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது என்று தைரியமாகச் சொல்ல அவளால் முடியவில்லை, அவள் அம்மா வளர்த்த வளர்ப்பு அப்படி. மனசு மறுபடியும் பலகைச் சத்தத்திடம் போனது, டொக், அந்த டொக்குக்கு அப்புறம் என்ன நடந்தது? வேன் ஏறினதிலிருந்து நினைப்பில் அவள் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள், பந்து அடியில் போன இடத்தில். அதற்கு அப்புறம் நடந்ததை யோசித்தே பார்க்கவில்லை. தங்கபுஷ்பம் முட்டிபோட்டுத் தலையில் கைவைத்தாள். ஜெனிபா இடுப்பில் கைவைத்து வானத்தைப் பார்த்தாள். பேச்சி? பேச்சி ஓடினாள். வலைக்குள் குனிந்து பந்தை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு ஓடினாள், "எந்திரி தங்கம், ரெண்டு நிமிஷம் இருக்கு, எந்திரி" என்று கத்திக்கொண்டே ஓடினாள், நடுவில் பந்தை வைத்தாள், எதிர் டீம்காரிகள் இன்னும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள், இவள் அம்பயரைப் பார்த்து "விசில் அடிங்க சார்" என்றாள். அந்த ரெண்டு நிமிஷத்தில் டிஃபன்ஸை விட்டுவிட்டு மேலே ஏறி ஆடினாள், அதே நீலத் தரையில் மட்டையைத் தரையோடு படுக்கவைத்து மூணு பந்தை நிறுத்தினாள், மூணையும் நிறுத்தினாள், யாருக்கும் அது ஞாபகம் இருக்காது. ஹூட்டர் அடித்தது. அதுவரைக்கும், அந்த ரெண்டு நிமிஷம் முழுக்க, சத்தியம் என்று ஒன்று இருந்ததே அவள் நினைப்பில் இல்லை. பரண் இல்லை, சீனிராஜ் இல்லை, உதடு இல்லை. பந்து இருந்தது, நேரம் இருந்தது. ஜெயிக்கணும்னுகூட இல்லை, அடுத்த பந்து வரணும், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. தோற்றுப்போன பிறகு அவள் ஆடிய ஆட்டம் அது. அதைத்தான் பரணில் போடுகிறேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறாள். அப்படியானால் அந்தச் சத்தியம் பண்ணினது யாரு? மூணு கோல் தெனாவட்டில் நின்ற ஒருத்தி. ஜெயிச்சா மட்டும் ஆடுறவ. அவளை இவளுக்குப் பிடிக்கவே இல்லை. வேன் நாலுவழிச் சாலையிலிருந்து ஊருக்குள் பிரிந்தது, தீப்பெட்டி ஆபீஸ் மருந்து வாடை மூக்கில் ஏறியது, தங்கபுஷ்பம் கால்காப்பை மூட்டையில் திணித்துவிட்டு, "என்னக்கா சொல்லப் போற?" என்றாள். "தோத்துட்டோம்னு" என்றாள் பேச்சி. "அப்ப மட்டை?" பேச்சி பையைத் தோளில் மாட்டினாள். மட்டையைப் பைக்குள் வைக்காமல் கையில் எடுத்துக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டில் பூக்கடை நிழலில் சீனிராஜ் வண்டியில் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வெள்ளைச் சட்டை. அவளைப் பார்த்ததும் இறங்கி நின்றார். அவர் முகத்தில் கேள்வி இருந்தது, அதைக் கேட்காமலிருக்கப் படுகிற பாடும் தெரிந்தது, பேச்சிக்கு ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததாலேயே உடனே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "தோத்துட்டோம். ரெண்டுக்கு ஒண்ணு. கடைசி கோல் என் மட்டைக்கு அடியில போச்சு" என்றாள். "ம்" என்றார். பூக்கடைக்காரி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கட்ட ஆரம்பித்தாள். சீனிராஜ் மட்டையை வாங்கக் கையை நீட்டினார். எப்போதும் வாங்கிக்கொள்கிறதுதான், வண்டியின் முன்னால் குறுக்கே வைத்துக்கொள்வார். இன்றைக்கு அந்தக் கை நீண்டதும் பேச்சி மட்டையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "நான் சத்தியம் பண்ணியிருக்கேன், ஞாபகம் இருக்கு. அதை நான் காப்பாத்தப் போறதில்லைங்க" என்றாள். மட்டையை உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "ஜெயிச்சிட்டோம்னு சொல்லியிருக்கலாம். சொல்லிக் குடுத்தாங்க. எனக்கு அப்படி ஆட வேண்டாம். தோத்தாலும் ஆடுவேன். செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குப் போவேன்." அவர் கை இன்னும் நீண்டபடியே இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியாதது போல மெதுவாக வண்டியின் ஹேண்டில்மேல் வைத்தார். "மறுபடி வாயில பட்டா?" "படும். தைப்பாங்க. ஆறினதும் போவேன்." "உன் மேல சத்தியம்னு நீதான் சொன்ன, நான் கேக்கல." "நான்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். அந்தப் பாவம் எனக்கு." சீனிராஜ் அவள் உதட்டைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். வேனிலிருந்து பதினாலு பேரும் இறங்காமல் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பது பேச்சியின் முதுகுக்குத் தெரிந்தது. "எனக்கு ரொம்பக் கோவமா இருக்கு பேச்சி" என்றார் கடைசியில், மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பேச்சி பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள், மட்டையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்" என்றாள். "வண்டியை எடுங்க."